ஸ்னாப், டான்ஃப் உதவிக்கு வேலை நிபந்தனை: கடிதம் வந்த நாளிலிருந்து என்ன செய்வது?

சனிக்கிழமை காலைகளில் நூலகத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து, அமெரிக்க அரசு உதவிகளுக்கான படிவங்களை நிரப்பித் தருவது சில வருடங்களாக என் வழக்கம். குளிர்காலம் முடியும் சமயத்தில் ஓர் அம்மா வந்தார். வயது 58. ஒரு சின்ன உணவகத்தின் சமையலறையில் காலை ஆறு மணிக்கே போய் வெங்காயம் உரித்து, மாவு கரைத்து, பாத்திரம் கழுவுகிறவர். வாரம் 25 மணி நேரம். முந்தின நாள் மளிகைக் கடையில் பால், முட்டை, பருப்பு எல்லாம் பில் போட்ட பிறகு, அரசு உதவிப் பணம் ஏறும் இபிடி கார்டைத் தேய்த்திருக்கிறார். கார்டில் பணம் இல்லை. பொருளை அப்படியே கவுன்ட்டரில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

கையில் இருந்த துணிப்பையில் மூன்று உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. “எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு தம்பி, பையன் வந்தா படிக்கச் சொல்லலாம்னு வச்சிருந்தேன்” என்றார். முதல் உறையைப் பிரித்தேன். மாதம் 80 மணி நேரம் வேலை செய்வதற்குச் சான்று கேட்டிருந்தார்கள். அந்த அம்மா செய்வதோ மாதம் 100 மணி நேரத்துக்கு மேல். வேலை இருந்தது, காகிதம் இல்லை. அதனால்தான் சாப்பாட்டுப் பணம் நின்றது.

இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியவர் அவர்தான். வேலை நிபந்தனை என்றதும் ‘நான் எங்கே போய் வேலை தேடுவேன்’ என்று பலர் பயப்படுகிறார்கள். என் மேஜைக்கு வந்தவர்களில் பலருக்கு ஒன்று வேலை இருந்தது, அல்லது விதியிலிருந்து விலக்கு இருந்தது. இரண்டையும் அலுவலகத்துக்குக் காகிதத்தில் காட்டாமல் விட்டதுதான் சிக்கல். ஆகவே கடிதம் வந்தால் அன்றைக்கே பிரியுங்கள். அதன் பிறகு கீழே உள்ள வரிசையில் போங்கள்.

முதல் படி: உங்களுக்கு வருவது எந்த உதவி?

வீட்டில் எல்லாவற்றையும் ‘வெல்ஃபேர்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அலுவலகத்தில் அவை தனித்தனி. மளிகை வாங்க மட்டும் பயன்படும் பணம் ஸ்னாப். பழைய பெயர் ஃபுட் ஸ்டாம்ப், கலிஃபோர்னியாவில் கால்ஃப்ரெஷ். பிள்ளை உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்கமாக வருவது டான்ஃப். கலிஃபோர்னியாவில் அதன் பெயர் கால்வொர்க்ஸ். இரண்டும் ஒரே இபிடி கார்டில் வரலாம் என்பதால்தான் குழப்பம்.

டான்ஃபும் ஸ்னாப்பின் மூன்று மாத வரம்பும் ஒரே சட்டத்தில் வந்தவை. 1996 ஆகஸ்ட் 22-ல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட அந்தச் சட்டம், 1935 முதல் இருந்துவந்த பழைய ரொக்க உதவித் திட்டத்தை எடுத்துவிட்டு டான்ஃபைக் கொண்டுவந்தது. பிள்ளைப் பொறுப்பு இல்லாத பெரியவர்களுக்கு, வேலை இல்லாவிட்டால் ஃபுட் ஸ்டாம்ப் மூன்று மாதம்தான் என்ற வரம்பையும் அதுவே வைத்தது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான ‘ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்’ சட்டம் ஸ்னாப் வரம்பை இன்னும் பல பேருக்கு விரித்தது. ‘போன வருஷம் எனக்கு இது கிடையாதே’ என்று நீங்கள் சொன்னால், நீங்கள் சொல்வது சரிதான். உங்களை வளையத்துக்குள் கொண்டுவந்தது அந்தச் சட்டம்தான்.

கடிதத்தின் தலைப்பில் எந்தத் திட்டத்தின் பெயர் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் பதில் கேட்கிறார்கள் என்ற இரண்டையும் ஒரு பேனாவால் வட்டமிடுங்கள்.

இரண்டாம் படி: ஸ்னாப்பில் உங்கள் மேல் எந்த விதி?

ஸ்னாப்பில் இரண்டு விதிகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று பொது நிபந்தனை. 16 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு. வேலைக்குப் பதிவு செய்ய வேண்டும், பயிற்சிக்கு அனுப்பினால் போக வேண்டும், பொருத்தமான வேலை கிடைத்தால் மறுக்கக் கூடாது, தகுந்த காரணம் இல்லாமல் வேலையை விடவோ நேரத்தை வாரம் 30 மணிக்குக் கீழே குறைக்கவோ கூடாது. இதை மீறினால் முதல் முறை குறைந்தது ஒரு மாதம் உதவி நிற்கும். அடுத்தடுத்த முறை இன்னும் நீளும். முதலாளி ஆளைக் குறைத்தாலோ, ஷிஃப்டைக் குறைத்தாலோ அது நீங்கள் வேலையை விட்ட கணக்கில் வராது. ஆனால் அதற்கு அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று 80 மணி நேர விதி. அலுவலகத்தில் ‘ஏபாட்’ என்று சொன்னால் இந்த விதிக்குள் வரும் ஆட்களைச் சொல்கிறார்கள். வேலை செய்யும் உடல்நிலை உள்ள, சிறு பிள்ளைப் பொறுப்பு இல்லாத 18 முதல் 64 வயது வரையான பெரியவர்கள் இவர்கள். மாதம் 80 மணி நேரம் வேலை அல்லது அதற்கு ஈடானது இல்லையென்றால், 36 மாதத்தில் மூன்று மாதம்தான் ஸ்னாப். புதிய சட்டத்துக்கு முன் இந்த வரம்பு 54 வயதோடு நின்றது. வீட்டில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை யார் இருந்தாலும் விலக்கு இருந்தது. இப்போது 14 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பொறுப்பு இருந்தால்தான் விலக்கு. ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளையைத் தனியாக வளர்க்கும் அம்மாக்கள் பலர் இதனால் புதிதாக மாட்டியிருக்கிறார்கள். வீடில்லாதவர்கள், முன்னாள் ராணுவத்தினர், வளர்ப்பு இல்லங்களிலிருந்து வெளிவந்த இளைஞர்கள் ஆகியோருக்கு 2023-ல் கொடுத்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள். தெருவில் தூங்குகிறவரிடம் மாதா மாதம் மணிக்கணக்குச் சான்று கேட்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஆனால் விதி இன்று அதுதான்.

60 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள். பொது நிபந்தனை உங்களுக்கு இல்லை, 80 மணி நேர விதி மட்டும் உண்டு. ‘அறுபது தாண்டிவிட்டது, இனி ஒன்றும் கேட்க மாட்டார்கள்’ என்று இருந்துவிட வேண்டாம்.

வேலையின்மை அதிகமான பகுதிகளுக்கு மாநிலங்கள் வாங்கி வைத்திருந்த விதிவிலக்கும் சுருங்கிவிட்டது. இப்போது வேலையின்மை 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அது கிடைக்கும். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் மட்டும் தனிக் கணக்கு. உங்கள் கவுன்ட்டியில் (மாவட்டத்தில்) எந்த மாதத்திலிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்று உங்கள் ஃபைலைக் கவனிக்கும் அலுவலரான கேஸ்வொர்க்கரிடம் நேரடியாகக் கேளுங்கள். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மூன்றாம் படி: விலக்கு இருக்கிறதா என்று சலித்துப் பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். என் மேஜையில் அதிக நேரம் பிடிப்பது இதுதான். அலுவலகம் தானாகக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நேர்காணலில் கேட்காமலே விட்ட கேள்விகள் நிறைய இருக்கும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று பொருந்தினாலும் 80 மணி நேரக் கணக்கிலிருந்து நீங்கள் வெளியே வரலாம்:

- கர்ப்பமாக இருக்கிறீர்கள். எத்தனையாவது மாதமானாலும் சரி.
- வீட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பொறுப்பு உங்களுடையது.
- உடலோ மனமோ வேலை செய்ய ஒத்துழைக்கவில்லை.
- உடல் முடியாத ஒருவரைப் பார்த்துக்கொள்கிறீர்கள்.
- வேலையிழப்புக் காப்பீட்டுப் பணம் வாங்குகிறீர்கள்.
- போதை, மதுப் பழக்கத்துக்கு ஒழுங்காகச் சிகிச்சைக்குப் போகிறீர்கள்.
- பாதி நேரத்துக்குக் குறையாமல் பள்ளி, கல்லூரி அல்லது பயிற்சியில் படிக்கிறீர்கள்.
- டான்ஃப் திட்டத்தின் வேலை நிபந்தனையை ஏற்கெனவே நிறைவேற்றுகிறீர்கள்.
- வாரம் 30 மணி நேரம் வேலை, அல்லது வாரம் 217.50 டாலர் சம்பளம். 7.25 டாலர் என்ற மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியை 30-ஆல் பெருக்கினால் வரும் தொகை இது.
- அமெரிக்கப் பூர்வகுடியினர். இது 2025 சட்டம் சேர்த்த புதிய விலக்கு.

கடைசிக்கு முந்தியதை மறுபடி படியுங்கள். நியூ ஜெர்சி போல மணிக்கு 15 டாலருக்கு மேல் கொடுக்கும் மாநிலத்தில், வாரம் 15 மணி நேரம் வேலை செய்தாலே 217.50 டாலரைத் தாண்டிவிடும். அப்படிப்பட்டவர் 80 மணி நேரத்தை எண்ணவே வேண்டியதில்லை. மாதம் 65 மணி நேரம்தான் ஆகிறது என்று கவலையோடு வந்த ஒருவருக்குச் சம்பளச் சீட்டைப் பார்த்து இதைச் சொன்னபோது, அவர் நம்பாமல் என் கால்குலேட்டரை வாங்கி இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

உடல்நிலை விலக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் ‘நான் டிஸெபிலிட்டி பணம் வாங்கவில்லையே, எனக்கு எப்படிக் கிடைக்கும்’ என்கிறார்கள். அந்தப் பணம் வாங்கியிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. முதுகு வலியால் ஒரு மணி நேரம் நிற்க முடியவில்லை, மன அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்பவர்களும் கேட்கலாம். கண்ணால் பார்த்தே தெரியும் நிலை என்றால் சான்றுகூடத் தேவையில்லை. தெரியாத நிலை என்றால் டாக்டர்தான் எழுத வேண்டும் என்றில்லை. நர்ஸ், நர்ஸ் பிராக்டிஷனர், உளவியலாளர், சமூகப் பணியாளர், டாக்டர் அலுவலகத்தின் பிரதிநிதி ஆகியோரில் ஒருவர் எழுதிக் கொடுத்தாலும் செல்லும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் மூன்று மாதம் கழித்துத்தான் கிடைக்கும் என்றால் நர்ஸிடம் கேளுங்கள். ‘நோயாளி’ என்று பொதுவாக எழுதினால் போதாது. என்ன காரணத்தால், எவ்வளவு காலத்துக்கு வேலை செய்ய இயலாது என்று இருக்க வேண்டும்.

உடல் முடியாதவரைப் பார்த்துக்கொள்வதும் நம் வீடுகளில் யாரும் வேலையாகவே நினைக்காத ஒன்று. பக்கவாதம் வந்த மாமியாரைக் குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து கொடுத்து நாள் முழுக்க உடன் இருக்கும் மருமகள், ‘நான் சும்மாதான் வீட்டில் இருக்கேன்’ என்று நேர்காணலில் சொல்லிவிட்டு வருகிறார். அப்படிச் சொல்லாதீர்கள். யாரை, எத்தனை மணி நேரம், ஏன் என்று சொல்லுங்கள். அந்த நோயாளி உங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எதுவுமே பொருந்தவில்லையா? இன்னும் ஒன்று கேட்கலாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தன் விருப்பப்படி கொடுக்கக்கூடிய விலக்குகள் ஓர் எண்ணிக்கையில் உண்டு. எல்லா மாநிலமும் அதைத் தாராளமாகப் பயன்படுத்துவதில்லை. கேட்டுப் பார்ப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

கல்லூரி மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. படிப்பு உங்களை வேலை நிபந்தனையிலிருந்து காப்பாற்றலாம். ஆனால் பாதி நேரமோ அதற்கு மேலோ கல்லூரியில் படிக்கும் 18 முதல் 49 வயது வரையானவர்களுக்கு ஸ்னாப் கிடைப்பதற்கே வேறு விதி உண்டு. வாரம் 20 மணி நேரச் சம்பள வேலை, கல்லூரி வழியாக அரசு உதவியில் கிடைக்கும் வொர்க் ஸ்டடி வேலை, சிறு குழந்தை போன்ற ஏதாவது ஒன்று இருந்தால்தான் தகுதி.

நான்காம் படி: 80 மணி நேரத்தை எதை வைத்து நிரப்பலாம்?

வாரம் சராசரி 20 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பள வேலை மட்டும் அல்ல, பல வேலைகள் இதில் சேரும். சொந்தத் தொழில் சேரும். ஊபர் ஓட்டுவது சேரும். வீட்டிலிருந்து தையல், டிஃபன் சப்ளை சேரும். வாடகைக்குப் பதிலாக வீட்டுக்காரருக்கு வேலை செய்து கொடுப்பது போன்ற, பணம் கைமாறாத வேலையும் சேரும். சம்பளம் இல்லாத வாலன்டியர் வேலையும் சேரும். கோயில் அன்னதானச் சமையல், இலவசமாக உணவுப் பொருள் தரும் ஃபுட் பேன்ட்ரியில் பெட்டி கட்டுவது, நூலகத்தில் உதவுவது எல்லாம் இந்த வகை. எந்த அமைப்பை ஏற்பார்கள் என்பது மாநிலத்தைப் பொறுத்தது என்பதால், ஒரு மாதம் உழைத்துவிட்டுக் கேட்காமல், தொடங்கும் முன் கேளுங்கள்.

மாநிலத்தின் ஸ்னாப் வேலைவாய்ப்புப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தால் அந்த நேரமும் கணக்கில் வரும். அங்கே போய்வர பஸ் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு ஆகியவற்றைத் திருப்பித் தரும் ஏற்பாடு இருக்கிறது. யாரும் தானாக முன்வந்து சொல்வதில்லை, கேட்டு வாங்குங்கள். பாதி வேலை, பாதி பயிற்சி என்று கலந்தும் 80 நிரப்பலாம். வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் வேலைக்கு விண்ணப்பித்த நேரம் மட்டும் சேராது. பயிற்சித் திட்டத்துக்குள் நடக்கும் வேலை தேடலும் பொதுவாக மொத்த நேரத்தில் பாதிக்குக் குறைவாக இருந்தால்தான் ஏற்பார்கள்.

வொர்க்ஃபேர் என்று இன்னொரு வழி உண்டு. ஏனோ இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அரசு அல்லது லாபநோக்கற்ற அமைப்பில் சம்பளமில்லாமல் வேலை செய்வது இது. இதில் 80 மணி நேரம் தேவையில்லை. உங்களுக்கு வரும் ஸ்னாப் தொகையைக் குறைந்தபட்சக் கூலியால் வகுத்தால் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு மணி நேரம் போதும். 2025 அக்டோபர் முதல் தனியாள் ஒருவருக்கு அதிகபட்ச ஸ்னாப் மாதம் 298 டாலர். குறைந்தபட்சக் கூலி 15 டாலர் என்றால் 298-ஐ 15-ஆல் வகுக்க, இருபது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மத்தியக் கூலியான 7.25 டாலர் மட்டுமே இருக்கும் மாநிலத்திலும் 41 மணி நேரம்தான். உங்கள் கவுன்ட்டியில் இந்த ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் இல்லை. இருந்தால் பெரிய பாரம் குறையும்.

காய்ச்சலில் படுத்தது, கார் பழுதானது, வீட்டில் அவசரம் போன்ற காரணத்தால் சில நாள் வேலை தவறி 80 எட்டவில்லையா? தவறியது தற்காலிகம், வேலை இன்னும் கையில் இருக்கிறது என்றால் அதைத் தகுந்த காரணமாக ஏற்று, அந்த மாதத்தை நிறைவேற்றியதாகவே கொள்ள விதி இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்ல வேண்டும். மெக்கானிக் கொடுத்த ரெசிப்ட், கிளினிக் சீட்டு எதையும் தூக்கி எறியாதீர்கள்.

ஐந்தாம் படி: மூன்று மாதம் எப்படி எண்ணப்படுகிறது?

முழு மாதத் தொகை வாங்கிய மாதங்கள்தான் எண்ணிக்கையில் சேரும். ஜனவரி 15-ல் விண்ணப்பித்து ஜனவரிக்குப் பாதித் தொகை வந்தது என்றால் ஜனவரி சேராது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் ஆகிய மூன்றும் போய், மே மாதத்திலிருந்து நிற்கும். நடுவில் ஒரு மாதம் 80 மணி நேரம் வேலை செய்திருந்தால் அந்த மாதமும் சேராது. 36 மாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சில இடங்களில் எல்லோருக்கும் ஒரே தேதி, சில இடங்களில் ஆளுக்கு ஒரு தேதி. ‘எனக்கு எத்தனை மாதம் போயிருக்கிறது, என் 36 மாதம் எப்போது முடியும்?’ என்று கேட்டுப் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நின்றுவிட்டால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். தேவையே இல்லை. ஏதாவது ஒரு 30 நாளில் 80 மணி நேரம் காட்டினால், அல்லது உங்களுக்கு ஒரு விலக்கு வந்துவிட்டால், மறுபடி விண்ணப்பிக்கலாம். அப்படித் திரும்ப வந்த பிறகு மீண்டும் வேலை போய்விட்டால், தொடர்ச்சியாக இன்னொரு மூன்று மாதம் கிடைக்கும். அது அந்த 36 மாதத்தில் ஒரு முறைதான். வேலை நேரம் 80-க்குக் கீழே குறைந்தால் உடனே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. மறைத்தால் பிறகு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

இந்த வரம்பு ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அப்பாவுக்கு நின்றாலும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் தொடரும், தொகை குறையும்.

ஆறாம் படி: காகிதம்

ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலும் போதும். நோட்டில் தேதி, இடம், வந்த நேரம், போன நேரம் எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டி, அந்த இடத்தின் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஃபைலில் பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), கடிதங்கள், ரெசிப்ட். எந்தக் காகிதத்தையும் கொடுக்கும் முன் போனில் படம் எடுங்கள். நேரில் கொடுத்தால் தேதி முத்திரை போட்டு ஒரு நகல் வாங்குங்கள். இணையத்தில் ஏற்றினால் ஏற்றியதற்கான எண் தெரியும் திரையைப் படம் எடுங்கள். ஓர் அலுவலகத்தில் நான் கொடுத்த ஃபைல் ‘வரவே இல்லை’ என்றார்கள். முத்திரை போட்ட நகலை நீட்டிய பிறகுதான் தேடினார்கள், கிடைத்தது.

சம்பளம் ரொக்கமாக வாங்குகிறவர்களுக்கு இதில் கூடுதல் கஷ்டம். அந்த உணவக அம்மாவுக்குச் சீட்டு எதுவும் கிடையாது. முதலாளியிடம் இவ்வளவுதான் எழுதிக் கேட்டோம்: ‘இன்னார் எங்கள் சமையலறையில் இன்ன தேதியிலிருந்து வேலை செய்கிறார். வாரம் சராசரி 25 மணி நேரம். மணிக்கு இவ்வளவு டாலர், ரொக்கமாகத் தருகிறோம்.’ கீழே கடையின் பெயர், போன் எண், கையெழுத்து, தேதி. முதலில் தயங்கினார். அந்த அம்மா வருமானத்தை ஏற்கெனவே அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார், இப்போது கேட்பது மணிக்கணக்கு மட்டும்தான் என்று விளக்கியதும் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே எழுதிக் கொடுத்தார். எழுதித் தர மறுக்கும் முதலாளிகளும் உண்டு. அப்போது உங்கள் வீட்டைச் சேராத, விஷயம் தெரிந்த ஒருவரை அலுவலகம் போனில் அழைத்து உறுதி செய்துகொள்ள முடியும். கூட வேலை செய்பவர், தினமும் காரில் இறக்கிவிடுபவர் யாரானாலும் சரி. அந்த வழியைக் கேளுங்கள்.

காகிதத்தை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018-ல் ஆர்கன்சா மாநிலம் மருத்துவ உதவியான மெடிகெய்டுக்கு மாதம் 80 மணி நேர விதி கொண்டுவந்தது. கணக்கை இணையத்தில் பதிய வேண்டும். அந்த இணையதளம் இரவு ஒன்பது மணிக்கு மூடி காலை ஏழு மணிக்குத்தான் திறக்கும். சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் மருத்துவ உதவியை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது. பறிகொடுத்தவர்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும், விலக்குக்குத் தகுதி உள்ளவர்களும் இருந்தார்கள்.

ஏழாம் படி: டான்ஃப் வாங்குபவர்களுக்கு

டான்ஃபில் விதிகளை மாநிலம் வைக்கிறது, மத்திய அரசு மாநிலத்தை அளக்கிறது. உதவி பெறும் குடும்பங்களில் 50 சதவீதமும், அப்பா அம்மா இருவரும் உள்ள குடும்பங்களில் 90 சதவீதமும் வேலை நடவடிக்கையில் இருக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு வைத்த இலக்கு. உதவி பெறுவோர் எண்ணிக்கை குறைந்தால் இலக்கும் குறையும். கேஸ்வொர்க்கர் வருகைத் தாளை இப்படித் துரத்தித் துரத்திக் கேட்பது அவருடைய அலுவலகமே அந்த எண்ணைக் காட்ட வேண்டியிருப்பதால்தான்.

மத்தியக் கணக்கில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு வாரம் 30 மணி நேரம். பிள்ளை ஆறு வயதுக்குட்பட்டது என்றால் 20. இருவரும் உள்ள குடும்பத்துக்கு இருவரும் சேர்ந்து 35. அரசு செலவில் குழந்தைப் பராமரிப்பு வாங்கினால் 55. இந்த 30-ல் 20 மணி நேரமாவது வேலை, வேலைப் பயிற்சி, சமூக சேவை போன்ற முதன்மை நடவடிக்கைகளில் இருக்க வேண்டும். தொழிற்கல்வியை வாழ்நாளில் 12 மாதம்தான் எண்ணுவார்கள். நர்ஸிங் உதவியாளர் படிப்பு போன்றவற்றில் சேரும்போது இதை மனதில் வையுங்கள். அந்த 12 மாதத்தை உண்மையாகவே வேலை கிடைக்கும் படிப்புக்குச் செலவழியுங்கள். ஆங்கில வகுப்பு மட்டும் போனால் அந்த 20-க்குள் சேர்ப்பது கடினம், சேரும் முன் கேளுங்கள்.

உங்களுக்கென்று ஒரு திட்டத் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்திடாதீர்கள். காலை எட்டு மணிப் பயிற்சி என்று எழுதி, உங்கள் பிள்ளையின் பள்ளி எட்டேமுக்காலுக்குத் திறக்கிறது என்றால், அதை மாற்றச் சொல்ல வேண்டிய இடம் அந்த மேஜைதான். தவறினால் வரும் தண்டனை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில இடங்களில் பெரியவரின் பங்கு மட்டும் குறையும், சில இடங்களில் குடும்பத்தின் மொத்தப் பணமும் நிற்கும்.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தனியாக வளர்ப்பவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காததால் வேலைக்குப் போக முடியவில்லை என்று காட்டினால், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று மத்தியச் சட்டமே சொல்கிறது. எந்தெந்தப் பராமரிப்பு இடங்களைக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதி வையுங்கள். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் அதையும் கேஸ்வொர்க்கரிடம் தனியாகச் சொல்லுங்கள். பல மாநிலங்களில் அதற்காக நிபந்தனையைத் தளர்த்த வழி உண்டு.

பெரியவர் உள்ள குடும்பத்துக்கு மத்தியப் பணம் வாழ்நாளில் 60 மாதம். மாநிலம் அதைக் குறைக்கலாம். அரிசோனாவில் அடிப்படை வரம்பு 12 மாதம்தான். எத்தனை மாதம் செலவாகியிருக்கிறது என்பதை வருடம் ஒரு முறையாவது கேளுங்கள்.

குடியேறி வந்தவர்கள் கவனிக்க

எச்1பி விசாவில் இருப்பவருக்கு ஸ்னாப் இல்லை, ஆனால் இங்கே பிறந்த அவருடைய பிள்ளைக்குத் தகுதி உண்டு. கிரீன் கார்டு வைத்திருக்கும் பெரியவருக்குப் பொதுவாக ஐந்து வருடம் காத்திருப்பு. பிள்ளைகள் ஸ்பான்ஸர் செய்து வந்த பெற்றோர் என்றால் ஸ்பான்ஸரின் வருமானத்தையும் கணக்கில் எடுப்பார்கள். 2025 சட்டம் அகதிகளையும் அடைக்கலம் பெற்றவர்களையும் ஸ்னாப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்படி அடைக்கலம் பெற்று வாழும் இலங்கைத் தமிழர்களுக்கும் இது பொருந்தும். கிரீன் கார்டு கிடைத்த பிறகு மறுபடி விண்ணப்பிக்கலாம். டான்ஃபில் அந்தச் சட்டம் இந்த மாற்றத்தைச் செய்யவில்லை. கிரீன் கார்டுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், ரொக்க உதவி வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கண்டிப்பாகப் பேசுங்கள்.

கடைசிப் படி: நிறுத்தப் போகிறோம் என்று கடிதம் வந்தால்

ஸ்னாப்பில் நிறுத்தும் முன் பொதுவாகப் பத்து நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்புவார்கள். அந்தப் பத்து நாள் பொன்னானது. கடிதத்தில் சொன்ன தேதிக்கு முன் மேல்முறையீட்டு விசாரணை கேட்டால், முடிவு வரும்வரை பழைய தொகை தொடர்ந்து வரும். ஆனால் உதவிக்கு ஒப்புதல் கொடுத்த காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், தோற்றால் அந்த இடைக்காலப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தேதி தாண்டிவிட்டாலும் நிறுத்திய நாளிலிருந்து 90 நாளுக்குள் ஸ்னாப் விசாரணை கேட்கலாம். டான்ஃபில் இந்தக் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கும்.

விசாரணை கேட்க வழக்கறிஞர் வேண்டாம். ஸ்னாப்பில் போனிலேயே ‘நான் விசாரணை கேட்கிறேன்’ என்று சொன்னால் போதும். சொன்ன தேதி, பேசியவர் பெயர் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே கேளுங்கள், கட்டணம் கிடையாது, பெரும்பாலும் போன் வழியாக வருவார். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். வீட்டுக் கஷ்டத்தையும் நோயையும் அந்தக் குழந்தை வாயால் சொல்ல வேண்டியதாகிவிடும். 211 என்ற எண்ணை அழைத்தால் உங்கள் பகுதியில் இலவச சட்ட உதவி எங்கே, ஃபுட் பேன்ட்ரி எந்தக் கிழமை என்று சொல்வார்கள்.

அந்த அம்மாவுக்கு விசாரணைவரை போகவில்லை. முதலாளியின் நான்கு வரிக் கடிதத்தையும், முந்தின 30 நாளின் மணிக்கணக்கையும் வைத்துத் திரும்ப விண்ணப்பித்தோம். போன் எண்ணையும் சரி செய்தோம். கார்டில் பணம் வந்த அன்று மாலையே போன் செய்தார். இப்போது மாதக் கடைசிச் சனிக்கிழமை தவறாமல் வருகிறார். துணிப்பையிலிருந்து முதலில் வெளியே வருவது, ஏற்கெனவே பிரித்து வைத்த உறைதான்.